நாப்பது படி மிச்சம்

அந்த வருசம் தை மாசம் எங்க முகிலடிப்பாளையத்துல கட்டுன காப்பை, மறுவருசம் மாசி வரைக்கும் அவுக்க முடியல. பதிமூணு மாசம்! வெளியூர்க்காரங்களுக்கு இது வெளங்காது, அதனால மொதல்லயே சொல்லிப்போடறேன். முகிலடி மலைக்குக் கூட்டம் ஏற ஆரம்பிக்கற அன்னிக்கு, கோயில் கம்பத்துல மஞ்சத்துணி முடிஞ்சு காப்புக் கட்டுவாங்க. அன்னிக்கு ஊருக்குள்ள தலை சாய்ச்சவன் எவனா இருந்தாலும், ஊர்க்காரனோ விருந்தாளியோ, காப்பு அவுக்கற வரைக்கும் பகல்ல எங்க வேணா போலாம், ஆனா பொழுது சாயறதுக்குள்ள ஊரெல்லைக்குள்ள வந்தரோணும், மலையும் அந்த எல்லைக்குள்ளதான். கல்யாணங் காச்சி கூடாது, கறி கூடாது, அடுப்புல எண்ணெய் வெச்சுக் கடுகு தாளிக்கக்கூடாது. பதினெட்டு நாள்தானேன்னு பல்லக் கடிச்சுட்டு ஓட்டிருவோம். பத்தொம்பதாம் நாள், மலை ஏறுன கடைசி ஆளும் எறங்கி வந்து தன்ற செருப்பை வாங்கிட்டுப் போனதும், "ஸ்டாண்டு காலிங்க"ன்னு நான் போய்க் கோயில் கமிட்டித் தலைவர்கிட்டச் சொல்லோணும். நான் சொன்னாத்தான் காப்பு அவுப்பாங்க.

நான் மயிலாத்தா. மலையடிவாரத்துல இருவத்திரண்டு வருசமாச் செருப்பு ஸ்டாண்டு வெச்சிருக்கறவ. எங்க மலை மேல தோலும் ரப்பரும் போகக்கூடாது, போனா மழை பொய்ச்சுரும்னு ஒரு பேச்சு. செருப்பு மட்டுமில்லீங்க, பெல்ட்டு, பர்சு, வாட்ச்சு வாரு, கொழந்தைங்க கையில இருக்கற பந்து வரைக்கும் புடுங்கி வெச்சுட்டுத் தகர டோக்கன் குடுத்துருவேன். ஒருத்தருக்கும் தாட்சண்யம் பாத்ததில்ல. போலீஸ்காரர் பூட்ஸையே கழட்ட வெச்சவ நான்னு எனக்கொரு மெதப்பு வேற.

பன்னெண்டாம் நாள் காலையில நாச்சிமுத்துவும் செங்கோடனும் வந்தாங்க. ரெண்டு பேரும் எங்கூர்தான், ஒரே போர்வெல் லாரியில ஊர் ஊராப் போய் கெணறு போட்டவங்க. ஒருத்தன் ராடு மாட்டுவான், ஒருத்தன் லீவர் புடிப்பான். வருசந் தவறாம ஜோடியா மலை ஏறுவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால ராடு நழுவி நாச்சிமுத்துவுக்கு எடது கால் முட்டிக்குக் கீழ போயிருச்சு. அன்னிக்கு லீவர் புடிச்சிருந்தது செங்கோடன். அதப்பத்தி அவங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி ஊர்ல யாரும் கேட்டதில்ல. அப்பறம் நாச்சிமுத்துவுக்கு மாட்டற காலு ஒன்னு வந்துச்சு, அத மாட்டிட்டு நடந்தா சொன்னாத்தான் தெரியும். இந்த வருசம் ஏறியே தீருவேன்னு அவன் ஒத்தக்கால்ல நின்னான், நெசமாவே.

"அக்கா, செருப்பப் புடிங்க. மூணு மணிக்குள்ள எறங்கீருவோம்" அப்படீன்னான். நான் குனிஞ்சு பாத்தேன்.

"அதென்ன தம்பி, பாதத்துல ரப்பரா?"

"ரப்பர்தானுங்க்கா. ஆனா இது காலுங்க்கா."

"காலா இருந்தா என்ன, ரப்பர் ரப்பர்தானே?"

"அக்கா, வெளையாடறீங்களா?" செங்கோடனுக்கு மூஞ்சி செவந்துருச்சு. "காலை எப்படிங்க கழட்டறது?"

"தெனம் படுக்கறப்பக் கழட்டத்தானே செய்யறாரு?"

பின்னால வரிசையில நின்னவங்க தள்ள ஆரம்பிச்சுட்டாங்க. கமிட்டித் தலைவர் அங்கமுத்து பந்தல்ல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாரு, அங்கிருந்தே ஒரு சத்தம் உட்டாரு. "மயிலா சொல்றது சரிதானப்பா. ஆளுக்கொரு சட்டம் போட முடியுமா?" எனக்கு இன்னுங் கொஞ்சம் மெதப்பு ஏறிப்போச்சு. நாச்சிமுத்து சிரிச்சுட்டான். "உடுடா, ஒத்தக்கால்ல ஏறுனா புண்ணியம் ரெட்டிப்பு"ன்னு சொல்லி, பெஞ்சுல உக்காந்து, பேண்ட்டைச் சுருட்டி, காலைக் கழட்டி என் மேசை மேல வெச்சான். அதுக்கும் ரெண்டு பேர் செருப்புக்குஞ் சேத்து இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் டோக்கன் குடுத்தேன். ஒரு கையில மூங்கத் தடி, இன்னொரு கை செங்கோடன் தோள் மேல. "மூணு காலோட போறோம், மூணு காலோட வர்றோம்"னு செங்கோடன் என்னைப் பாத்து மொறச்சுட்டே ஏறுனான்.

மூணு மணியாச்சு, அஞ்சு மணியாச்சு, வரல. செங்கோடன் போன் பண்ணுனான். "இன்னும் நாப்பது படிதானுங்க்கா, வெக்காலி மரத்தத் தாண்டிட்டோம், உச்சி தெரியுது." மக்யா நாள் காலையில நான் போன் போட்டேன். இன்னும் நாப்பது படிதான், உச்சி தெரியுதுன்னான். அதுக்கு அடுத்த நாளும் அதே நாப்பது. கிறுக்குப் புடிச்சிருச்சான்னு நெனச்சு ஊர்ல நாலு எளவட்டம் ஏறிப் போனாங்க. இவங்க பொழுதன்னிக்கும் ஏறிட்டுத்தான் இருந்தாங்க. வேர்த்து, மூச்சு வாங்கி, ஒவ்வொரு படியா எண்ணிட்டு, ஒத்தாசைக்கு ஒருத்தரு மேல ஒருத்தரு சாஞ்சுட்டு ஏறிட்டே இருக்கறாங்க, கூட வந்த பசங்க நாப்பது படியும் ஏறி உச்சியில சூடம் கொளுத்திக் கும்புட்டுட்டு எறங்கி வர்றாங்க, இவங்க அதே வெக்காலி மரத்துக்குப் பக்கத்துல நிக்கறாங்க. சரி, கீழயாவது எறங்குங்கன்னு சொன்னா, அர நாள் எறங்கித் திரும்பிப் பாத்தா அதே மரம், தலைக்கு மேல அதே நாப்பது படி. நாச்சிமுத்துவக் கயித்துக் கட்டில்ல வெச்சுத் தூக்குனாங்க. அவன் கட்டில்ல இருந்த வரைக்கும் தூக்குனவங்களுக்கும் படி முடியல, கீழ எறக்கி வெச்ச பொறகுதான் அவங்களுக்கு வழி உட்டுச்சு.

பத்தொம்பதாம் நாள் மத்த எல்லாச் செருப்பும் போயிருச்சு. அவங்க ரெண்டு பேர் செருப்பும், என் மேசையில அந்த ஒத்தக்காலும் மட்டும் நின்னுச்சு. நான் பந்தலுக்குப் போனேன். "ஸ்டாண்டு காலியா மயிலா?"ன்னாரு தலைவரு. "காலியில்லீங்க, ஒரு டோக்கன் நிக்குதுங்க"ன்னேன். அவரு கம்பத்தை அண்ணாந்து பாத்தாரு, நானும் பாத்தேன். சரி, வரட்டும்னுட்டு அவரு வெத்தலையை மடிச்சாரு.

இப்படித்தான் ஊரே மாட்டுச்சு. மொத மாசம் எல்லாரும் அய்யோ பாவம்னாங்க. ரெண்டாம் மாசம் கெரகம் புடிச்சவனுகன்னாங்க. மூணாம் மாசத்துல இருந்து ஒன்னும் சொல்றதில்ல, அதுபாட்டுக்கு அது ஒரு பொழப்பாயிப் போச்சு. தெருவுக்கு ஒரு வீடுன்னு முறை வெச்சுத் தெனமும் ரெண்டு சாப்பாட்டுப் போசியும் ஒரு பவர் பேங்க்கும் மேல போகும், காலிப் போசியும் செய்தியும் கீழ வரும். மேல இருந்து பாத்தா மூணு தாலுகா தெரியும்ங்கறதால மழை எந்தப் பக்கம் வருதுன்னு செங்கோடன் போன்ல சொல்லுவான், அதக் கேட்டுட்டுத்தான் சோளம் காயப் போடுவாங்க. தாளிக்காத கொழம்ப ஊத்தி ஊத்திக் கொழந்தைங்களுக்குக் கடுகு வாசமே மறந்துபோச்சு. நிச்சயம் பண்ணுன பதினோரு ஜோடி தாலி கட்ட முடியாம, தெனம் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டுப் பிரிஞ்சு போகுங்க. திருப்பூருக்கு வேலைக்குப் போனவனெல்லாம் நாலு மணி பஸ்ஸுக்கு அடிச்சுப் புடிச்சு ஓடியாருவான். கூத்தைக் கேளுங்க, காப்புக் கட்டுன அன்னிக்கு மாமனார் ஊட்டு விருந்துக்கு வந்து தங்குன சோமனூர் மாப்பிள்ளை ஒருத்தர், ஒரு வருசம் மாமனார் ஊட்டுலயே கெடந்தாரு. வந்தப்பத் தலவாழை எலை போட்டவங்க, கார்த்திகையில தட்டத்தை நீங்களே கழுவி வெச்சுருங்க மாப்ளன்னு சொல்ற அளவுக்கு ஆயிருச்சு. என்ற மக ஈரோட்டுல பிரசவம் ஆகிக் கெடந்தா. காலையில போய்ப் பேரனை மடியில வெச்சுட்டு, பால் குடிச்சு அவன் கண்ணசர்றதுக்குள்ள பஸ்ஸுக்கு எந்திரிச்சு வருவேன். இருந்துட்டுப் போம்மான்னு அவ அழுவா, நானும் அழுதுட்டே வருவேன்.

மேல இருக்கற ரெண்டு பேர்ல செங்கோடனை மலை புடிச்சு வெக்கலைன்னு எல்லாருக்கும் தெரியும். ஒருக்கா நாச்சிமுத்துவ மரத்தடியில உக்கார வெச்சுட்டு, இவன் தனியா விறுவிறுன்னு நாப்பது படியும் ஏறித் துன்னூறு எடுத்துட்டு வந்தான். நெனச்சா அன்னிக்கே எறங்கி ஊட்டுக்கு வந்திருக்கலாம். வரல. அவன் பொண்டாட்டி மேல போய்க் கத்துனா, அழுதா, கடைசியில கால்ல உழுந்தா. "புள்ளைங்க உன்ற மூஞ்சிய மறந்துருவாங்க"ன்னா. அதுக்கு அவன், "நான் போயிட்டா இவன் யாரு தோள்ல கை வெப்பான்?"னு கேட்டானாம். நாச்சிமுத்து அவனை வாய்க்கு வந்தபடி வையுவானாம், கல்ல எடுத்து எறிவானாம். இவன் நவுந்து உக்காந்துட்டு பீடி பத்த வெப்பானாம்.

இப்ப நான் சொல்லப்போறது என்ற வாயில இருந்து லேசுல வராது. ரெண்டாம் மாசம், நாச்சிமுத்து சம்சாரம் ரங்கநாயகி என் ஸ்டாண்டுக்கு வந்தா. நூல் மில்லுல வேலை அவளுக்கு, தலையெல்லாம் பஞ்சு. மேல அவன்கிட்ட வாங்கிட்டு வந்த டோக்கனை மேசையில வெச்சா. "அக்கா, அந்தக் காலைக் குடுங்க. மேல கொண்டுபோய்க் குடுக்கறேன். மாட்டிட்டு நடந்து பாக்கட்டும்"ன்னா. நான் அந்தக் காலைத் திரும்பிப் பாத்தேன். அஞ்சு வெரலு. கட்டை வெரல்ல நகம் மொதக்கொண்டு வார்த்திருந்தாங்க. தெனம் நடந்து நடந்து குதிங்கால் ஒரு பக்கமாத் தேஞ்சிருந்துச்சு, உள்ளாற வேர்வை வாடை. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆளுல ஒரு பங்கை நான் கீழ புடிச்சு வெச்சிருக்கறப்ப அவன் மேல போய் எப்படிச் சேருவான், கீழதான் எப்படி வந்து சேருவான்! ஆனா வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "ரப்பரை மேல உட முடியாது கண்ணு, ஊரு ஒத்துக்காது. அவரே எறங்கி வந்து வாங்கிக்கட்டும்." இதுதான் வந்துச்சு.

ஏன்னு கேக்காதீங்க. ரெண்டு மாசமா ஊரே தாளிக்காத சோறு திங்குதே, பதினோரு கல்யாணம் நிக்குதே, இதெல்லாம் இந்த மயிலா வாய்த்துடுக்குலதான்னு தெரிஞ்சா என்னை உசுரோட பொதைச்சுருவாங்கன்னு பயம். இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளுனேன். தள்ளத் தள்ள மாசம் ஏறுச்சு, மாசம் ஏற ஏறச் சொல்ல முடியாமப் போச்சு. ரங்கநாயகி மறுக்கா கேக்கல. செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை வந்து, ஈரத்துணியில அந்தக் காலைத் தொடச்சு வெச்சுட்டுப் போவா. என்கூட ஒரு பேச்சும் பேசமாட்டா. அவ போற வரைக்கும் நான் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.

மறு மாசி பொறந்து நாலாம் நாள் காலையில எட்டு மணிக்கு போன் அடிச்சுது. செங்கோடன் நம்பரு, ஆனா பேசுனது நாச்சிமுத்து. குசுகுசுன்னு பேசுனான்.

"அக்கா, செங்கோடன் தண்ணிக்குப் போயிருக்கறான். எனக்கு ஒரு ஒதவி. அவங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல, உடனே எறங்கி வான்னு அவன்கிட்ட ஒரு பொய் சொல்லுங்க. அதுக்கு மட்டுந்தான் போவான்."

"சரி தம்பி, அவன் வந்துட்டா நீ தனியா என்ன பண்ணுவே?"

"எனக்கு வழி இருக்குதுங்க்கா. மேற்குப் பக்கம் செங்குத்தாத்தானே இருக்குது. அவன் கண்ணு முன்னால வேண்டாம்னு பாக்கறேன். ஒரு தடவ பாத்ததே அவனுக்குப் போதும்."

நான் போனை வெச்சுட்டு அழுதனா, இல்லையான்னு ஞாபகமில்ல. அந்தக் காலைத் தூக்கி இடுப்புல வெச்சுட்டுப் பந்தலுக்குப் போனேன். தலைவரு இருந்தாரு, முடி வெட்டற சின்னான் இருந்தாரு, சோமனூர் மாப்பிள்ளை இருந்தாரு, இன்னும் பத்துப் பதினஞ்சு பேரு பேப்பர் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. நடுவுல நின்னு சொன்னேன். "இது செருப்பு இல்லீங்க. கால். அன்னிக்குக் கழட்டச் சொன்னது என் தப்பு. இது கீழ இருக்கறதாலதான் அவனுக்கு வழி உடல. இப்ப மேல கொண்டு போறேன். என்னை வெட்டறதா இருந்தா வந்தப்பறம் வெட்டுங்க."

ஒருத்தரும் எந்திரிக்கல. தலைவரு தலையைக் குனிஞ்சுட்டே சொன்னாரு. "எனக்குப் பங்குனியிலயே தெரியும் மயிலா."

"எனக்குச் சித்திரையில"ன்னாரு சின்னான்.

"எங்க மாமியாகூட ஒருக்கா சொன்னாங்க"ன்னாரு மாப்பிள்ளை.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது! ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் மொதல்ல வாயத் தொறக்கட்டும்னு, மழை பொய்ச்சா யாரு தலையில உழுகும்னு, சரின்னு தலையாட்டுன பழி யாருக்குன்னு பாத்துப் பாத்து, அடிபட்ட நாயாட்டம் வாயை மூடிட்டு, தெனமும் அவனுக்குச் சோறு மட்டும் கட்டி அனுப்பிட்டு இருந்திருக்கறோம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல, ஆனா யாரு மேல கோவப்படறது? "தூ"ன்னு துப்பிட்டு ஏற ஆரம்பிச்சேன். என்னையுஞ் சேத்துத்தான் துப்புனேன்.

மூவாயிரம் படி. எனக்கு அம்பத்திரண்டு வயசு, முட்டி வலி. செங்கோடனைப் போன்ல கூப்புட்டு, "அவனை உட்டுட்டு ஒரு அடி நவுராத, நான் வர்றேன்"னு மட்டும் சொல்லிட்டு, கொழந்தைய மாத்தற மாதிரி அந்தக் காலை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாத்தி மாத்தி ஏறுனேன். நான் போய்ச் சேர்றப்ப வெயில் உச்சியத் தாண்டியிருந்துச்சு. வெக்காலி மரத்தடியில ரெண்டு பேரும் தாடியும் மீசையுமா உக்காந்திருந்தாங்க. செங்கோடன் காலைப் பாத்தான், என்னைப் பாத்தான், குந்த வெச்சு உக்காந்துட்டான். நாச்சிமுத்து ரெண்டு கையையும் நீட்டி வாங்குனான்.

மாட்டிப் பாத்தா கால் சேரல. பதிமூணு மாசத்துல அவன் தொடையும் முட்டியும் சூம்பிப்போயி, உள்ளாற லொடலொடன்னு ஆடுது. செங்கோடன் தோள்ல கெடந்த துண்டை நாலாக் கிழிச்சு, சுத்திச் சுத்தி, பல்லுல கடிச்சு இறுக்கிக் கட்டி, "இப்ப வெய்யிடா"ன்னான். நாச்சிமுத்து எந்திரிச்சு நின்னான். ஒரு படி ஏறுனான். நான் மரத்தைப் பாத்தேன். மரம் ஒரு படி கீழ போயிருந்துச்சு.

"முப்பத்தொம்பது"ன்னேன். அதுக்கப்பறம் செங்கோடன்தான் சத்தம் போட்டு எண்ணுனான், ஏலம் போடறவனாட்டம். பாதியில நாச்சிமுத்து நின்னுட்டான், கட்டு நழுவி ரத்தம் கசிஞ்சுது. மறுக்கா கட்டுனாங்க, மறுக்கா ஏறுனாங்க. நாப்பதாவது படியில கால் வெச்சதும் செங்கோடன் அந்தப் பாறையைக் கட்டிப் புடிச்சுட்டு, ஊருக்கே கேக்கற மாதிரி ஓன்னு அழுதான். நாச்சிமுத்து அழுகல. கும்புடவும் இல்ல. காத்து அடிக்க அடிக்க நின்னு கீழ எங்கூரைப் பாத்துட்டே இருந்தான். அப்பறம் என்கிட்டத் திரும்பினான்.

"மயிலக்கா, இது கால்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இன்னிக்குக் காலையிலதான் தம்பின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சொல்லியிருந்தா நம்பியிருப்பான். தெய்வமேன்னு கையெடுத்துக் கும்புட்டிருப்பான். அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் பயமா இருக்குது.

"ரெண்டாம் மாசம். ரங்கநாயகி வந்து கேட்டப்பவே."

"ஊருக்கு?"

"ஊருக்குந்தான்."

செங்கோடன் மூங்கத் தடியை ஓங்கிட்டு வந்தான். அடிடா, அடிச்சுருடான்னு நான் கண்ணை மூடிட்டேன். நாச்சிமுத்து அவன் கையைப் புடிச்சுட்டான். "உடு. எறங்கறப்பப் புடிச்சுக்க முன்னால ஒரு ஆளு வேணும்"ன்னான். அப்படிச் சொல்லிட்டு என் தோள் மேல கையை வெச்சான்.

மூவாயிரம் படியும் அந்தக் கை என் தோள்லதான் இருந்துச்சு. ஒவ்வொரு படிக்கும் அவன் பாரம் மொத்தமும் எம் மேல எறங்கும், என் முட்டி ரெண்டும் கரகரங்கும். தண்ணி வேணுமா தம்பின்னு கேட்டேன், கொஞ்சம் உக்காரலாமான்னு கேட்டேன், வலிக்குதான்னு கேட்டேன். ஒன்னுக்கும் பதிலில்ல. அவன் மூச்சு மட்டும் என் பிடரியில பட்டுட்டே வந்துச்சு. வைய மாட்டானா, ஒரு வார்த்தை வைய மாட்டானான்னு ஏங்கிட்டே எறங்குனேன்.

அடிவாரத்துல ஊரே நின்னுச்சு. ரங்கநாயகி கூட்டத்தைத் தள்ளிட்டு ஓடி வந்தா, அவன் என் தோள்ல இருந்து கையை எடுத்து அவ தோள்ல வெச்சுக்கிட்டான். அப்பறம் நின்னு ஒருத்தர் ஒருத்தரா எல்லார் மூஞ்சியையும் பாத்தான். பொறந்ததுல இருந்து தெரிஞ்ச மூஞ்சிங்க. ஒருத்தரும் நிமிரல. நாப்பது படி ஏற எடுத்த நேரத்த விட அந்தக் கூட்டத்தைக் கடந்து போக அவனுக்கு நேரம் ஆச்சு. பொறத்தாலயே, ஸ்டாண்டு காலின்னு நான் சொல்றதுக்குக்கூட நிக்காம, தலைவரு கம்பத்துல காப்பை அவுத்தாரு. ஊரெல்லாம் கடுகு வெடிக்கற சத்தம் கேட்டுச்சு, பசங்க தெருவுல குதிச்சாங்க. எங்க அடுப்பை நான் பத்த வெக்கல.

அந்தப் பங்குனியில ஒரே முகூர்த்தத்துல பதினோரு கல்யாணம் நடந்துச்சு. எல்லாப் பத்திரிகையும் அவங்க ரெண்டு பேருக்குந்தான் மொதல்ல போச்சு. ரெண்டு குடும்பமும் ஒன்னுக்கும் வரல. கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள், மத்தியானம் பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு ரெண்டு குடும்பமும் பாத்திரம் பண்டத்தோட வந்து நின்னுச்சு. பல்லடம் பக்கம் எங்கயோ வேலையும் வீடும் பாத்துட்டாங்களாம், ரெண்டு வீடும் பக்கத்துப் பக்கமாம். நான் ஸ்டாண்டைப் போட்டது போட்டபடி உட்டுட்டு ஓடுனேன். செங்கோடன் என்னைப் பாத்ததும் மூட்டையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான். நாச்சிமுத்து ஜன்னலோரம் உக்காந்திருந்தான்.

"தம்பி, ஊரை உட்டுப் போகாதப்பா"ன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

எழவு ஊட்டுல இருந்து கெளம்பறவன்தான் போய்ட்டு வர்றேன்னு வாய் உட்டுச் சொல்லமாட்டான், அவன்கூட மனசுக்குள்ளயாவது சொல்லுவான். நாச்சிமுத்து என் மூஞ்சியப் பாத்தான், மலையில என் தோள்ல கை வெச்சதுக்கப்பறம் அன்னிக்குத்தான் மொதத் தடவையாப் பேசுனான்.

"போறோம்"னான்.

கண்டக்டர் விசில் ஊதுனாரு, பஸ் நவுந்துருச்சு.